தாழ்மை யாருக்குரிய பாடம்?

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய மறையுரைகளில் 'தாழ்மை' என்னும் சொல்லைப் போல அடிக்கடி ஒலிக்கும் சொல் பிறிதொன்று இருப்பதாகத் தெரியவில்லை. குடிலின் வைக்கோலும் ஓலைக்கூரையும் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையும் அச்சொல்லுக்குச் சான்றாகக் காட்டப்படும். கூறுபவர் பெரும்பாலும் பீடத்தில் நிற்பவர். கேட்பவர் கீழே அமர்ந்திருப்பவர். பணிவைப் பற்றிய இவ்வறிவுரை எத்திசையிலிருந்து எத்திசை நோக்கிச் செல்கிறது என்னும் வினா மட்டும் ஆலயங்களிலும் எழுவதில்லை, சமய ஆய்வுகளிலும் போதிய அளவு எழவில்லை. அவ்வினாவை ஒதுக்கிவிட்டு இவ்விழாவின் உட்பொருளைப் பேசுவது வீண்.

முதலில் மூலநூலை நோக்கலாம். இன்று இந்தியாவெங்கும் கட்டப்படும் குடில்களில் காணப்படுவனவற்றுள் பல நற்செய்தி நூல்களில் இல்லாதவை. மாடும் கழுதையும் எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து பிற்காலக் கதைகளின் வழியே வந்து சேர்ந்தவை. இடமில்லை என்று கதவடைத்த விடுதிக்காரன் லூக்காவின் ஏட்டில் தோன்றவே இல்லை. லூக்கா ஆளும் 'கதலூமா' என்ற கிரேக்கச் சொல், இறுதி இராவுணவு நிகழ்ந்த விருந்தினர் அறைக்கு அவரே பின்னர் ஆளும் சொல். வழிப்போக்கர் தங்கும் காசு விடுதிக்கு அவரிடம் 'பந்தோகெய்யோன்' என்ற வேறு சொல் இருக்கிறது. நல்ல சமாரியர் கதையில் அதைக் காணலாம். எனவே, ஆள் நெருக்கத்தால் விருந்தினர் அறையில் இடம் இல்லாமற்போன ஒரு வீட்டில், கால்நடைகளுக்குரிய பகுதியில் குழந்தை கிடத்தப்பட்டது என்று கொள்வதே பொருத்தமானது எனப் பல விவிலிய அறிஞர் கருதுகின்றனர். இதனால் கதையின் அவலச்சுவை குறைகிறது, உண்மையோ கூடுகிறது. கொடியவன் ஒருவனால் விரட்டப்பட்டதன் விளைவாக வந்த வறுமை அன்று அது. பாலஸ்தீன நாட்டுப்புறத்தில் எளிய மக்கள் நாள்தோறும் வாழ்ந்த வாழ்க்கையே அது.

அக்குடும்பத்தின் பொருளாதார நிலையை லூக்கா நேரடியாகப் பதிவு செய்யும் இடம் தீவனத் தொட்டி அன்று. குழந்தையை எருசலேம் கோவிலுக்குக் கொணர்ந்த பெற்றோர் பறவை இணையைப் பலியாகக் கொடுத்தனர் என்று 2:24 கூறுகிறது. பேறுற்ற பெண் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவர வேண்டும், அதற்கு வசதி அற்றவளாயின் இரு பறவைகள் போதும் என்பது லேவியர் நூல் 12ஆம் அதிகாரத்தின் விதி. ஆட்டுக்குட்டி வாங்க வழியற்றவர்கள் என்பதை இவ்வளவு அமைதியாக, ஒரு கணக்கேட்டின் வரியைப் போல, எழுதிவிட்டு லூக்கா நகர்கிறார். இக்காட்சியைக் குடிலாக யாரும் கட்டுவதில்லை. சட்டத்தின்முன் 'இயலாதோர்' என்ற பிரிவில் பெயர் எழுதி நிற்பதில் அழகு ஏதும் இல்லை போலும்.

இனி, சொல்லாராய்ச்சி. மரியாவின் புகழ்ப்பாடலில் கடவுள் தம் அடிமையின் எதைக் கண்ணோக்கினார்? அங்கே வரும் கிரேக்கச் சொல் 'தபெய்னோசிஸ்'. இது ஒரு நற்பண்பின் பெயர் அன்று. தாழ்த்தப்பட்ட நிலையின் பெயர். பணிவு என்ற பண்பைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டில் 'தபெய்னோப்ரோசுனே' என்ற தனிச்சொல் உண்டு. பவுலின் மடல்களில் அது வருகிறது. மரியாவின் பாடலுக்கு முன்மாதிரி அன்னாவின் கதை. குழந்தை இல்லாமையால் இழிவுபடுத்தப்பட்ட அன்னா தன் துயர நிலையைச் சுட்டும்போது எபிரேய விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஆள்வதும் இதே 'தபெய்னோசிஸ்' தான். அன்னா தன் பணிவைப் பாராட்டுமாறு கடவுளிடம் கேட்கவில்லை. தன் அவமானத்தைப் பாருங்கள் என்றே கேட்டாள். தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'தாழ்மை' என்று ஆண்டது. அச்சொல் பண்பையும் சுட்டும், நிலையையும் சுட்டும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'தாழ்நிலை' என்று திருத்தியது. ஓர் அசை மாற்றம் எனினும் இருநூறு ஆண்டுக் காலப் பிரசங்கங்களின் சாய்வை நிமிர்த்தக்கூடிய மாற்றம் அது. நிமிர்த்தியதா என்பது வேறு.

'ஆவியின் வறுமை' என்ற தொடரின் வரலாறு இன்னும் சிக்கலானது. மலைப்பொழிவின் முதல் வாழ்த்தில் மத்தேயு, ஏழைகள் என்ற சொல்லோடு 'ஆவியில்' என்ற அடையைச் சேர்க்கிறார். லூக்காவின் சமவெளிப் பொழிவில் அவ்வடை இல்லை. ஏழைகள் என்று மட்டுமே உள்ளது, அதைத் தொடர்ந்து செல்வர்க்கு ஐயோ என்ற கேடும் உள்ளது. இரு நூல்களிலும் வரும் சொல் 'ப்தோகோஸ்'. உழைத்துச் சிக்கனமாக வாழும் ஏழைக்குக் கிரேக்கத்தில் 'பெனேஸ்' என்று வேறு சொல் இருந்தது. ஒன்றுமே இல்லாமல் பிறர் கையை எதிர்பார்த்து ஒடுங்கி நிற்பவனே ப்தோகோஸ். அரிஸ்தோபனீஸின் செல்வக் கடவுள் நாடகத்தில் வறுமையே ஒரு பாத்திரமாக வந்து இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பேசுகிறது. ஆகவே மத்தேயுவின் தொடர் 'எளிய வாழ்க்கையை விரும்பும் நல்லவர்' என்ற இனிய பொருளைத் தராது. அகத்தளவில் பிச்சைக்காரனாக நிற்பவன், கடவுள் தராவிட்டால் தனக்கு ஏதும் இல்லை என்று அறிந்தவன் என்பதே அதன் பொருள். கும்ரான் குகைகளில் கிடைத்த போர்ச் சுருளில் இதற்கு இணையான எபிரேயத் தொடர் ஒன்று காணப்படுவதால், இத்தொடர் மத்தேயுவின் தனிக்கற்பனையும் அன்று.

ஆனால் 'ஆவியில்' என்ற ஒரு சொல், வரலாற்றில் எத்தனையோ செல்வந்தர்க்குத் தப்பும் வழியாகிவிட்டது. பெட்டியில் பொன் இருக்கலாம், உள்ளத்தில் பற்று இல்லாதிருந்தால் போதும் என்ற விளக்கம் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்திரியா கிளெமெந்துவிடமே தொடங்கிவிட்டது. பற்றின்மையை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை என்பது இவ்விளக்கத்தின் பெரிய வசதி.

இவ்வசதியை ஏற்க மறுத்தவர்களுள் முதன்மையானவர் அசிசி நகர்ப் பிரான்சிஸ். குடில் மரபின் தொடக்கமாகக் கருதப்படும் நிகழ்ச்சி 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில் நடந்தது. அவர் வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா அதை விரிவாக விவரிக்கிறார். குழந்தை பட்ட குறைகளையும் இடர்ப்பாட்டையும் ஊனக்கண்ணால் காண விரும்புவதாகக் கூறி, விழாவுக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் தீவனத் தொட்டியையும் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் ஆயத்தப்படுத்தச் சொன்னார் பிரான்சிஸ். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு மலையேறி வந்தனர். தொட்டியின்மேல் திருப்பலி நிகழ்ந்தது. பிரான்சிஸ் குரு அல்லர். திருத்தொண்டர் என்ற முறையில் நற்செய்தியைப் பாடிவிட்டு மறையுரை ஆற்றினார். செலானோ தோமாவின் விவரிப்பில் மரியாவாகவோ யோசேப்பாகவோ வேடமிட்ட எவரும் இல்லை, சிலைகளும் இல்லை. தொட்டி வெறுமையாக இருந்தது. அங்கிருந்த ஒருவர் மட்டும் அதில் உயிரற்றதுபோல் ஒரு குழந்தை கிடப்பதாகவும் பிரான்சிஸ் நெருங்கியதும் அது விழித்ததாகவும் ஒரு காட்சி கண்டார் என்று நூல் கூறுகிறது. இன்று பளிங்கும் மின்விளக்கும் செயற்கை அருவியுமாகப் போட்டிக்குக் கட்டப்படும் குடில்களுக்கு மூலமாக நின்றது வெறுந்தொட்டி ஒன்று.

இந்நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பதும் கவனத்துக்கு உரியது. அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள்தான் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் பிரான்சிஸ்கன் சபையின் ஒழுங்குநூலுக்கு இறுதி ஒப்புதல் அளித்தார். பிரான்சிஸ் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சபைத் தலைமையை விட்டு விலகியிருந்தார். 1221ஆம் ஆண்டின் பழைய ஒழுங்கில் இருந்த கடுமையான வரிகள் பல புதிய நூலில் இடம்பெறவில்லை. சட்டமொழியில் சுருங்கிப்போன ஒன்றை ஒரு மாதத்துக்குள் வைக்கோலையும் மாட்டின் மூச்சையும் கொண்டு அவர் மீண்டும் சொல்லிப் பார்த்தார் எனக் கருத இடமுண்டு.

அதே கிரெச்சோவில் நிகழ்ந்ததாக இன்னொரு செய்தி வழங்குகிறது. திருநாள் ஒன்றில் சகோதரர்கள் மேசையை உயர்த்தி, வெண்துணி விரித்து, கண்ணாடிக் கலங்கள் அடுக்கி விருந்துக்கு ஆயத்தம் செய்தனர். அதைக் கண்ட பிரான்சிஸ் ஓசையின்றி வெளியேறி, அன்று அங்கு வந்திருந்த ஓர் ஏழையின் தொப்பியையும் கோலையும் வாங்கிக்கொண்டு, விருந்து தொடங்கியபின் வாயிலில் நின்று பிச்சை கேட்டார். உள்ளே அழைக்கப்பட்டதும் தட்டைப் பெற்றுக்கொண்டு நெருப்பருகே தரையில் அமர்ந்து உண்டார். அது பாஸ்கா விழா என்கிறது செலானோ தோமாவின் இரண்டாம் நூல். கிறிஸ்து பிறப்பு விழா என்கிறது அசிசித் தொகுப்பு. எந்த நாளாயினும், கதையின் கூர்மை ஒன்றே. பிரான்சிஸ் அங்கே ஏழைக்கு விருந்திடவில்லை. தம் சகோதரர்களின் பந்தியில் தாமே ஏழையாக நின்று வாங்கி உண்டார். கொடுப்பவரின் இடத்தைத் துறந்து பெறுபவரின் இடத்தில் அமர்ந்தார். மேசையில் இருந்தவர்களுக்கு அன்றைய உணவு தொண்டையில் இறங்கியிராது.

கிரெச்சோ நிகழ்ந்து சரியாக நூறாண்டு நிறைவதற்குள் இவ்விவாதம் நெருப்பில் முடிந்தது. வறுமை நோன்பைத் தளர்த்த மறுத்த நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் 1318இல் மார்சேய் நகரில் எரிக்கப்பட்டனர். 1323 நவம்பரில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், கிறிஸ்துவும் திருத்தூதர்களும் தனியாகவோ பொதுவாகவோ உடைமை ஏதும் கொண்டிருக்கவில்லை என்று விடாப்பிடியாகக் கூறுவது தப்பறை என அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டில், துறவிகள் பயன்படுத்தும் பொருள்களின் உரிமை திருத்தந்தையிடமே உள்ளது என்ற பழைய ஏற்பாட்டையும் அவர் நீக்கியிருந்தார். உண்ணும் ரொட்டியின் உரிமையும் உண்ணும் செயலும் எவ்வாறு வேறாகும் என்ற அவருடைய வினாவில் சட்ட அறிவு உண்டு, மறுக்க இயலாது. ஆயினும் பெத்லகேம் குழந்தைக்கு உடைமை இருந்ததா என்பதைத் தீர்மானிக்க ஆணை பிறப்பிக்க வேண்டிய நிலைக்குத் திருச்சபை வந்துசேர்ந்தது என்பதே, அவ்வினா எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது. அதே காலத்தில் வாழ்ந்த தொமினிக்கன் துறவி எக்கார்ட், எதையும் விரும்பாதவனும் எதையும் அறியாதவனும் எதையும் உடைமையாகக் கொள்ளாதவனுமே ஏழை என்று ஜெர்மன் மொழியில் போதித்தார். அவர் நோக்கில் 'தாழ்மை உடையவன்' என்ற எண்ணமும் ஓர் உடைமையே. கிளெமெந்துவின் வசதியான அகவறுமையோடு இதை ஒன்றாக வைத்து எண்ணுதல் பிழை.

இந்தியச் சூழலில் இவ்வினா வேறொரு முகம் கொள்கிறது. இங்கே தாழ்நிலை பிறப்போடு ஒட்டவைக்கப்பட்டது. அதைப் பண்பாக மாற்றிப் போதிப்பது எளிதாயிற்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், சாதிவாரியாக மக்கள் தனித்தனியே அமர இரு கைகளாகப் பிரிந்து பீடத்தில் கூடுமாறு கட்டப்பட்டது. அதன் பெயர் திருக்குடும்ப ஆலயம். ஆட்டுக்குட்டிக்கு வழியற்ற குடும்பத்தின் பெயரால் எழுந்த கோவிலில் யார் எப்பக்கம் என்று சுவர் சொன்னது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அங்கே கிறிஸ்து பிறப்பு இரவுகள் அவ்வாறே கழிந்தன. 1910இல் இயேசு சபைக் குரு அப்பிரிவினையை அகற்றியபோது, அதனால் உரிமை இழந்ததாகக் கருதியவர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையை ஏற்கவில்லை. தாழ்மையைப் போதித்த பீடத்தின் முன்னே அமர்ந்திருந்தவர்கள்தாம் நீதிமன்றப் படியேறித் தம் உயர்வைக் காக்க முயன்றனர்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரு வகையில் அவ்வாண்டின் திருவருகைக் காலத்தில் வெளிவந்தவற்றுள் தாழ்மை மிக்க எழுத்து அதுவே எனலாம். அரசின் பக்கமும் கதவு திறக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் விரிந்தது; கிறித்தவரான தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர். சபைக்குள் சாதி உண்டு, சட்டத்தின் பட்டியலில் இல்லை என்னும் இரட்டை இழப்பில் நிற்பவரிடம் டிசம்பர் 25 அதிகாலையில் 'தாழ்மையாயிருங்கள்' என்று கூறுவதற்கு என்ன பொருள்?

இறையியலாளர் இதை உணராமல் இல்லை. 1960இல் வேலரி செய்விங் என்னும் அமெரிக்க ஆய்வாளர், செருக்கே மனிதகுலத்தின் முதற்பாவம் என்ற கோட்பாடு ஆண்களின் பட்டறிவிலிருந்து எழுந்தது என்றும், தன்னை இழந்து தேய்ந்துபோவதே பெண்கள் பலரின் சிக்கல் என்றும் எழுதினார். ஏற்கெனவே தேய்ந்தவர்க்கு மேலும் தேயுமாறு மருந்து கொடுத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். இந்தியாவில் தலித் இறையியலுக்கு அடித்தளம் இட்ட அரவிந்த் நிர்மல், மத்தேயுவின் தலைமுறைப் பட்டியலையே எடுத்து, தாமாரும் இராகாபும் இடம்பெறும் அவ்வழிமரபில் இயேசுவின் தலித் தன்மையைக் கண்டார். விழாக்காலத்தில் சலிப்போடு வாசித்துக் கடக்கப்படும் பெயர்ப்பட்டியல் அது. அதற்குள் இவ்வளவு இருப்பதை உயர்குடி உரையாசிரியர் எவரும் கண்டிலர் என்பதில் வியப்பில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தாழ்மையை அதிகாரத்தின் கருவி என்று மட்டும் காட்டிவிட்டால் கிறிஸ்து பிறப்பு விழாவில் எஞ்சுவது யாது? பிலிப்பியர் மடலின் இரண்டாம் அதிகாரம் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கியதைப் போற்றுகிறது. அந்த மனநிலை எல்லார்க்கும் உரியது என்றுதானே பவுல் எழுதுகிறார்? மறுப்பு நியாயமானது. எனினும் அம்மடல் கூறும் அசைவின் திசையைக் காண வேண்டும். கடவுள் வடிவில் இருந்தவர் அந்நிலையைப் பற்றிக்கொள்ளாமல் அடிமையின் வடிவை ஏற்றார் என்பதே அங்குள்ள கதை. அடிமையாகவே பிறந்தவனுக்கு அடிமையாயிரு என்று அது கூறவில்லை. வெறுமையாக்குதல் என்பது கையில் உள்ளவன் செய்ய வேண்டிய வினை. மரியாவின் பாடலிலும் இத்தகைய பிரிவினை உண்டு. தாழ்ந்தோர் உயர்த்தப்படுவர், அரியணையில் இருப்பவர் இறக்கப்படுவர். ஒரே விழா இருவேறு மக்களுக்கு இருவேறு செய்திகளைச் சொல்கிறது. அனைவர்க்கும் ஒரே மறையுரை ஆற்றும் பழக்கத்தால் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

தமிழ் மரபை அறிந்தோர்க்கு இத்திசை புதிதன்று. உரலில் கட்டுண்ட கண்ணனின் எளிமையை எண்ணி நம்மாழ்வார் ஆறு திங்கள் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவ மரபுச் செய்தி. அங்கும் வியப்புக்கு உரியதாக நிற்பது பரம்பொருளின் எளிமை. பக்தனின் ஏழ்மையை யாரும் வியக்கவில்லை.

ஆவியின் வறுமைக்கு வசதி படைத்தோர் நடுவே ஏதேனும் உரைகல் உண்டெனில், பிறரிடமிருந்து பெறும் ஆற்றலே அது எனத் தோன்றுகிறது. டிசம்பரில் எல்லாரும் கொடுக்க விரும்புகின்றனர். சேலை, போர்வை, அரிசிப் பை, கேக் என்று பதாகையின்கீழ் வரிசை நிற்கவைத்துக் கொடுக்கின்றனர். பெறுபவரின் முகம் படத்தில் பதிகிறது. பசித்தவர்க்கு அரிசி தேவை, அதைக் குறைகூற இடமில்லை. ஆனால் அவ்வரிசையில் நிற்பவர் வீட்டிற்குச் சென்று, தரையில் அமர்ந்து, அவர் தருவதை உண்டு மீளும் கொடையாளர் அரியர். பெத்லகேம் குடும்பம் அறிமுகமற்ற கீழ்த்திசை ஞானிகளிடமிருந்து பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் பெற்றுக்கொண்டது. பதிலுக்கு ஏதும் தந்ததாக மத்தேயு எழுதவில்லை.

இவ்விடத்தில் மிசோரத்தின் வழக்கம் ஒன்று ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. கிறித்தவம் வருமுன் மிசோ சமூகத்தில் செல்வர் ஒருவர் ஊர் முழுமைக்கும் பெருவிருந்திட்டு, அதனால் இம்மையிலும் மறுமையிலும் சிறப்புநிலை எய்தும் மரபு இருந்தது. அவ்விருந்துகளுள் 'குவாங்சாய்' உச்சமானது. இன்று கிறிஸ்துமஸை ஒட்டிச் சபையார் அனைவரும் பங்களித்து, கூடிச் சமைத்து, கூடி உண்ணும் பொதுவிருந்து அங்கே பரவலாக உள்ளது. 'ருவாய்' என்ற பழைய விருந்துச் சொல்லே அதற்கும் வழங்குகிறது. உணவும் பெயரும் தொடர்ந்தன. விருந்திடுபவன் என்ற தனிமனிதன் மட்டும் அதில் இல்லை. புகழ் சேர்வதற்கு ஒரு பெயர் வேண்டும். ஊரே விருந்திடும்போது அப்பெயர் கிடைப்பதில்லை. இம்மாற்றம் போதனையால் நேர்ந்ததா, பழைய ஊர்க் கட்டமைப்பின் இயல்பால் நேர்ந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சியை மேற்கொள்பவர் பிற பகுதிகளில் உள்ள பங்குகளின் விழாக் கணக்கேடுகளையும் உடன் வைத்துப் பார்ப்பது நன்று. குடில் போட்டிக்கு எவ்வளவு, பந்திக்கு எவ்வளவு, பந்தியில் யார் எங்கே அமர்ந்தனர் என்பன அவற்றிலிருந்து ஓரளவு தெரியவரும்.